பெருநாள் வீட்டில் அயல்நாட்டு விருந்தினர்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

பெருநாள் நெருங்குகிறது என்றால் நம் வகுப்பறைகளில் எழும் முதற்கேள்வி, "என்னடா, பிரியாணி எப்போ?" என்பதுதான். கேட்பவனும் கேட்கப்படுபவனும் சிரித்துக் கொள்வார்கள். மறுநாள் ஒரு தூக்குவாளியோ டிபன் காரியரோ விடுதிக்கு வந்து சேரும். அரை மணியில் காலியாகும். நல்ல பழக்கந்தான். ஆனால் அந்தத் தூக்குவாளி புறப்பட்ட வீட்டிற்குள் நம்மில் எத்தனை பேர் சென்று அமர்ந்திருக்கிறோம்? இராமநாதபுரம் சீமையில் பிறந்து வளர்ந்த நமக்கே அந்த வீட்டுப் பெருநாள் தெரியாதிருக்க, கடல் கடந்து வந்த ஒருவர் அங்கே விருந்தினராக அமர்ந்தால் அவருக்கு எது புதிதாக இருக்கும், எது பழகியதாக இருக்கும்? 2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று கீழக்கரையில் என் வகுப்புத் தோழரின் இல்லத்தில், மலேசியாவின் பினாங்கிலிருந்து வந்திருந்த ஒரு மலாய்த் தம்பதியரோடு நானும் விருந்துண்டேன். அன்று கண்டதையும், பின்னர் கேட்டும் படித்தும் அறிந்ததையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

இசுலாமியப் பெருமக்களுக்குப் பெருநாட்கள் இரண்டு. ரமலான் மாத நோன்பு முடிந்து ஷவ்வால் முதல் நாள் வருவது நோன்புப் பெருநாள். துல்ஹஜ் மாதம் பத்தாம் நாள் வருவது ஹஜ்ஜுப் பெருநாள். அரபியில் முன்னது ஈதுல் பித்ர். பின்னது ஈதுல் அள்ஹா. நம் கடற்கரையில் 'ஈத்' என்பதைவிடப் 'பெருநாள்' என்ற தமிழ்ச் சொல்லே வீடுகளில் புழங்குகிறது. அது போலவே வடநாட்டார் ரோஜா, நமாஸ், மஸ்ஜித் என்று சொல்லுமிடத்தில் இங்கே நோன்பு, தொழுகை, பள்ளிவாசல் என்பார்கள். தமிழ் வகுப்பில் தூய தமிழுக்காகப் பெருமுயற்சி எடுக்கும் நாம், சமையலறையிலேயே அது இயல்பாகப் புழங்கும் வீடுகள் பத்து மைல் தொலைவில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

வெளிநாட்டு விருந்தினருக்கு முதல் இடர் பயணச்சீட்டு எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. "பெருநாள் என்றைக்கு?" என்று பினாங்குக்காரர் தொலைபேசியில் கேட்டதற்கு, தோழரின் தந்தையார், "பிறை தெரிந்தால் திங்கள், தெரியாவிட்டால் செவ்வாய்" என்றாராம். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே சராசரி 29.53 நாட்கள். ஆகவே சந்திர மாதம் 29 நாளாகவும் இருக்கும், 30 நாளாகவும் இருக்கும். பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 354 நாட்களே வருகின்றன. எனவே பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்கிறது. தமிழ்நாட்டில் 2024இல் ஏப்ரல் 11. 2025இல் மார்ச் 31. இருபத்தொன்பதாம் நாள் மாலை மேல்வானில் மெல்லிய பிறை கண்ணுக்குத் தென்பட வேண்டும். தென்பட்டதற்குச் சாட்சி வேண்டும். அதன்பின் தலைமைக் காஜியின் அறிவிப்பு வரும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அமாவாசைக்குப் பின் நேரம் ஆக ஆகச் சந்திரன் சூரியனை விட்டு விலகிக்கொண்டே போகிறது. மேற்கே உள்ள நாடுகளில் சூரியன் நமக்குப் பின்னால் மறைவதால், அவர்கள் பார்க்கும் பிறை நாம் பார்ப்பதைவிடச் சில மணி நேரம் மூத்தது. வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்னதாகவே பெருநாள் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2025இல் சவூதி அரேபியாவில் மார்ச் 30, நமக்கும் மலேசியாவுக்கும் மார்ச் 31. சவூதியில் வேலை பார்க்கும் தோழரின் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) புத்தாடையோடு கைப்பேசியில் வாழ்த்துச் சொன்னபோது இங்கே வீட்டார் இன்னும் நோன்பிருந்தார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெருநாள்! ஞாயிறு மாலை பிறை தெரிந்த செய்தி வந்ததும் தெருவே விழித்துக்கொண்டது. அதற்கு மேல் அந்த இரவில் யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

பெருநாள் காலையில் விருந்துக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. அதற்குப் பித்ரா என்று பெயர். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை தலைக்கும், கைக்குழந்தை உட்பட, ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ வரை தானியம் இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும். நம் பகுதியில் அரிசி. அதுவும் பெருநாள் தொழுகைக்குப் போகுமுன் கொடுத்துவிட வேண்டும். அன்று ஒருவரும் பசியோடு கையேந்தக் கூடாது என்பது நோக்கம். அன்றைய நாளில் நோன்பு வைப்பதே தடுக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் "எனக்கு வேண்டாம், நான் விரதம்" என்று விருந்தினர் யாரும் தப்பிக்க வழியில்லை! தொழுகைக்குப் புறப்படுமுன் சில பேரீச்சம் பழங்களாவது உண்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் இது தலைகீழ். தொழுதுவிட்டு வந்த பிறகே உண்பது அவர்கள் வழக்கம்.

தொழுகையின்போது நான் ஓரமாக நின்றேன். யாரும் என்னை விலகி நிற்கச் சொல்லவில்லை. வரிசையில் சேரச் சொல்லவும் இல்லை. பினாங்குக்காரர் வரிசையில் நின்று தொழுதார். திரும்பும்போது அவர், "எங்கள் ஊரில் தொழுதது போலவே இருந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் இதைச் சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். தோழரின் தந்தையார் விளக்கிய பிறகுதான் அதன் பொருள் புரிந்தது. பெருநாள் தொழுகையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தக்பீர் சொல்வார்கள். ஷாபிஈ முறையினர் முதல் சுற்றில் ஏழும் இரண்டாம் சுற்றில் ஐந்தும் சொல்வார்கள்; ஹனபி முறையினர் மும்மூன்று சொல்வார்கள். வட இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனபிகள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாபிஈகள், மலாய்க்காரர்களும் ஷாபிஈகளே. அரபு வணிகர்கள் கப்பலில் வந்த வழி எதுவோ அந்த வழியிலெல்லாம் இம்முறை பரவியிருக்கிறது. எனவே டில்லியிலிருந்து இரயிலில் வரும் ஒருவருக்குச் சற்றுப் புதிதாகத் தோன்றக்கூடிய தொழுகை, ஆயிரம் மைலுக்கு மேல் கடல் தாண்டி வந்தவருக்குச் சொந்த ஊர்த் தொழுகையாக இருந்தது. நம் வரைபடத்தில் நாட்டின் எல்லைக்கோடு ஒன்றுதான் தெரிகிறது. கடலுக்குத் தனி வரைபடம் இருக்கிறது போலும்.

இக்கரைக்கு அயல்நாட்டு விருந்தினர் புதியவரல்லர். மொராக்கோவின் தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1344 வாக்கில் இலங்கையிலிருந்து புறப்பட்டுப் புயலில் சிக்கி, நம் கடற்கரைப் பகுதியில் கரையேறினார். அந்நாளில் அரபிகள் இக்கரையை மஅபர் என்று அழைத்தனர். மதுரைச் சுல்தானாக இருந்த கியாசுதீன் அவருக்கு உறவினர். இருவரும் ஒரே தந்தையின் பெண்களை மணந்தவர்கள். சகலைபாடி வீட்டு விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 'பத்தன்' என்ற துறைமுகத்தையும் அங்கே கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும் புகழ்கிறார். அது கீழக்கரைக்குக் கிழக்கேயுள்ள நம் பெரியபட்டினமாக இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அங்கே 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. இப்னு பதூதா சுல்தானின் விருந்தோம்பலை ஏற்றுக்கொண்டார். ஆனால் சிறைபிடித்தவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் அவர் கொன்ற கொடுமையைத் தம் நூலில் மறைக்காமல் எழுதி வைத்தார். உண்ட வீட்டைப் பற்றி உண்மை சொன்ன விருந்தினர்!

இனி வீட்டிற்குள் வருவோம். நான் தோழரின் 'அப்பா வீடு' என்று எண்ணிப் போனது உண்மையில் அவர் அம்மாவின் வீடு. கீழக்கரையில் பெண் திருமணமாகிப் பிறந்த வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டிற்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடமை. ஆண்கள் கடல் கடந்து வாணிகத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாத ஊரில் இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு என்பதை யோசித்துப் பாருங்கள். பினாங்குக்காரருக்கு இதுவும் அதிசயமாக இல்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பெண்வழிச் சொத்துரிமை உண்டு என்று அவர் சொன்னார். அங்கிருந்த மூவரில் வியந்தவன் நான் ஒருவன்தான்.

வீடு முன்கட்டு, உள்கட்டு என்று இரு பகுதியாக இயங்குகிறது. ஆண் விருந்தினருக்கு முன்கட்டோடு சரி. பினாங்கு அம்மையாரைத் தோழரின் உம்மா வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். தோழரின் தங்கை அவரை எடுத்த எடுப்பில் 'மாமி' என்றழைத்தாள். ஒரு சொல் மலாய் இந்தப் பக்கமும், ஒரு சொல் தமிழ் அந்தப் பக்கமும் தெரியாமல் உள்கட்டில் இரண்டு மணி நேரம் சிரிப்பொலி கேட்டது. முன்கட்டிலோ நாங்கள் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தடுமாறினோம். ஆக, அயல்நாட்டு விருந்தினர் பெண்ணாக இருந்தால் பெருநாளை முழுமையாகப் பார்க்கலாம். ஆணாக இருந்தால் பாதிதான்.

சிறுவர்களுக்குப் பெரியவர்கள் பெருநாள் காசு கொடுத்தார்கள். பினாங்குக்காரர் பச்சை நிறச் சிறு உறைகளில் காசை வைத்துக் கொடுத்ததைக் கண்டு பிள்ளைகள் விழித்தனர். மலேசியச் சீனர்கள் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் பணம் கொடுப்பதைப் பார்த்து, அங்குள்ள முஸ்லிம்கள் பச்சை உறையாக்கிக் கொண்டார்களாம்.

விருந்துக்கு அமரும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாய் விரித்து, அதன்மேல் துணி விரித்தார்கள். ஒரு சிறுவன் செம்பில் நீர் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினான். பின்னர் ஒரு பெரிய தட்டு நடுவில் வந்தது. அதற்குச் சஹன் என்று பெயர். தட்டு என்று பொருள்படும் அரபுச் சொல். நெய்ச்சோறு மலையாகக் குவிந்திருக்க, கறியும் தால்ச்சாவும் வந்தன. குழம்பை அவர்கள் ஆணம் என்கிறார்கள். சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்தோம்: தோழரின் தந்தையார், பினாங்குக்காரர், தோழர், நான். ஒரே தட்டில் நால்வர் கையும் இறங்கும்.

நம் வீடுகளில் 'எச்சில்' என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் தம்ளர் என்று பிள்ளைப் பருவம் முதல் நமக்குக் கற்பிக்கப்பட்ட வேலிகள் அநேகம். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்பதும் அதே பாடத்தின் அடுத்த பக்கம். முதல் கவளத்துக்குமுன் என் கை சஹனுக்கு மேலே ஒரு நொடி நின்றது. அருவருப்பினால் அன்று, எப்படி எடுப்பது என்பது தெரியவில்லை. தோழரின் தந்தையார் என் முகத்தைப் பார்க்காமலே, "தம்பி, அவங்கவங்க முன்னால இருக்குறது அவங்கவங்களுக்கு. உங்க பக்கத்துச் சோறு உங்க சோறு" என்றார். அதுதான் முறை: வலக்கையால், தன் முன்னாலிருந்து எடுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் கை நீளக் கூடாது. ஆனால் ஒருவர் தம் பக்கத்து நல்ல துண்டை விருந்தினர் பக்கம் தள்ளலாம். தள்ளிக்கொண்டே இருந்தார். எங்கள் இருவர் முன்னாலும் கறி குவிய, அவர் முன்னால் வெறுஞ்சோறு இருந்தது.

ஒரு தட்டில் உண்ணும்போது நம் வேகமும் மாறிவிடுகிறது. விரைந்து உண்பவர் மெதுவாகிறார். ஒருவர் முதலில் எழுந்தால் மற்றவர் பசியோடு எழ நேரிடும் என்பதால் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரேனும் ஒருவர் கை அளைந்துகொண்டே இருக்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு இனிப்புகள். வட்டலப்பம் வந்தது: முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய் கலந்து ஆவியில் வேகவைப்பது. இலங்கையிலும் பெருநாள் என்றால் இது இல்லாமல் இல்லை; அங்கே மலாய்க்காரர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வர். அடுத்துக் கடல்பாசி. பால் சேர்த்து, நிறமூட்டி, கட்டியாக உறையவைத்த துண்டுகள். இதை மலாய் மொழியில் 'அகர் அகர்' என்கிறார்கள் என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கும் அகர்தானே அது! 1880களில் ஜெர்மனியில் இராபர்ட் காக்கின் ஆய்வகத்தில், கோடை வெப்பத்தில் ஜெலட்டின் உருகிப்போவதால் திண்டாடினார்கள். அங்கிருந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பயன்படுத்திய அகரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஓர் அண்டைவீட்டார். அகர் உருகுவதற்கு 85 பாகை அளவு வெப்பம் வேண்டும். உறைவதோ 40 பாகைக்குக் கீழே. ஆகவேதான் பங்குனி வெயிலிலும் அது தட்டில் இளகாமல் நிற்கிறது. அகர் தரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் நம் மன்னார் வளைகுடாவிலேயே விளைகின்றன. இராமேசுவரம், மண்டபம் கரையோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி அவற்றைப் பறித்து வருகிறார்கள்.

மூன்றாவதாக வந்தது தொதல். கீழக்கரை என்றால் தொதல் என்று பேர் பெற்ற பண்டம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, கை ஓயாமல் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துக் களியாகும். நீர் வற்ற வற்ற எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும். அப்போது இறக்க வேண்டும். ஒரு நிமிடம் கிண்டுவதை விட்டால் அடிப்பிடித்துவிடும். தொதலைத் தட்டில் வைத்ததும் உள்கட்டிலிருந்து பினாங்கு அம்மையாரின் குரல் முன்கட்டுவரை கேட்டது: "டொடொல்! டொடொல்!" அவர்கள் ஊரிலும் அது பெருநாள் பண்டம். பெயரும் அதுவே. கணவர் ஒரு துண்டை வாயிலிட்டு, "எங்கள் ஊரில் தென்னைச் சர்க்கரை. இதில் வேறு ஏதோ இருக்கிறது" என்றார்.

அந்த 'வேறு ஏதோ' எதுவென்று அங்கே நன்கறிந்தவன் நான்தான். எங்கள் வீடு சாயல்குடிப் பக்கம். தந்தையார் பனையேறுகிறார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரை அம்மா காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுகிறார். சுண்ணாம்பு ஏன் என்று கல்லூரிக்கு வந்த பிறகு படித்தேன்: காரத்தன்மையில் ஈஸ்ட் வளராது, பதநீர் கள்ளாகாது. எங்கள் கருப்பட்டி கீழக்கரைக் கடைகளுக்குப் போவது என் பாட்டனார் காலத்து வழக்கம். அந்த ஊர்த் தொதலில் அது கரைந்திருக்கிறது. அது கடல் கடந்தும் போயிருக்கும். எங்கள் வீட்டார் யாரும் தொதல் தின்றதில்லை. கடைத் திண்ணைக்கு அப்பால் போனதும் இல்லை.

விருந்து முடிந்தபின் பினாங்குக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "மற்றவர்கள் எப்போது வருவார்கள்?" மலேசியாவில் பெருநாளன்று 'திறந்த வீடு' என்றொரு வழக்கம் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டால் அண்டை அயலார், சீனர், தமிழர், அலுவலகத்தார் என்று யாரும் வந்து உண்டு போகலாம். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவர்கள் வீட்டுக் கதவு திறக்கும். அந்த எதிர்பார்ப்பில்தான் கேட்டார். தோழரின் தந்தையார், "நாங்கள் கொடுத்தனுப்புவோம்" என்றார். அப்போதே இரண்டு தூக்குவாளிகள் வாசலில் புறப்படத் தயாராக நின்றன. பினாங்குக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நம் இராமேசுவரத்துப் பெருமகனார் டாக்டர் அப்துல் கலாம் 1999இல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' நூலில் தம் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றிச் சொல்லும் நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. ஐயர் தம் மாணவரை வீட்டுக்கு உணவுண்ண அழைத்தார். ஆசாரம் மிகுந்த அவர் துணைவியார் தம் சமையலறையில் வைத்துப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபிக்கவில்லை, தாமே பரிமாறி, மாணவரின் பக்கத்தில் அமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் வா என்று அழைத்தார். தயங்கித் தயங்கிப் போன மாணவரை அந்த அம்மையாரே உள்ளே அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறினார். இந்த நிகழ்ச்சியில் எல்லோரும் ஐயரைப் பாராட்டுவார்கள். எனக்கோ அந்த அம்மையார்மீது மதிப்பு அதிகம். ஒரு வாரத்துக்குள் தம் வாழ்நாள் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர் அவரல்லவா? மேலும், உணவைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பியிருந்தால் யாருக்கும் சங்கடமே வந்திராது. மாற்றமும் வந்திராது.

புறப்படும்போது பினாங்குத் தம்பதியர் ஒவ்வொருவரிடமும் கைகூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டனர். என்ன தவறு செய்தார்கள் என்று நான் திகைத்தேன். பெருநாளன்று, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது மலாய் வழக்கமாம். தோழரின் தந்தையாருக்குப் பழைய பினாங்கு வாழ்க்கையில் இது பழகியிருந்ததால் அவர் மலாயிலேயே மறுமொழி சொன்னார். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ரஜூலா, சிதம்பரம் என்ற கப்பல்கள் ஓடிய காலத்தில் அவர் தந்தையார் அங்கே கடை வைத்திருந்தவர். கடையை மலாயில் 'கெடாய்' என்கிறார்கள். கப்பலைக் 'கபல்' என்கிறார்கள். இரண்டும் நாம் கொடுத்தனுப்பிய சொற்கள்.

எனக்கும் ஒரு பொட்டலம் தொதல் கிடைத்தது. வீட்டில் அம்மா ஒரு துண்டை வாயிலிட்டு வெகுநேரம் மென்றார். "நம்ம கருப்பட்டிதான். கொஞ்சம் கூடவே காய்ச்சிட்டாங்க" என்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அம்மாவையும் அழைத்து வரும்படி தோழரின் உம்மா சொல்லியனுப்பியதைச் சொன்னேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அடுப்பில் பதநீர் பொங்கி வந்தது. இறங்கட்டும் என்று துடுப்பால் கிண்டினார். பிறகு, "அவுகளை முதல்ல பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கு வரச்சொல்லு. இங்க வந்து உக்காந்து சாப்பிடுவாகளான்னு கேளு" என்றார்.

கேட்டேன். எத்தனை பேர் வரலாம் என்று தோழர் கேட்கிறார்.